கப்டனுக்கு ஒரு சுருட்டு, உனக்கு ஒரு கடிதம்

நேற்றுச் சாயங்காலம் மழை விட்ட நேரத்தில் உன் மகள் எங்கள் மஸ்கெலியாக் கடைக்கு வந்தாள். வாப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் என்று எங்கள் நானாதான் கடையைப் பார்க்கிறார். நான் பக்கத்துக் கதிரையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "சுருட்டு ஒரு கட்டு குடுங்க" என்றாள். நானா கட்டைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது பார், பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இந்தக் காலத்தில் யார் சுருட்டு குடிக்கிறார்கள்? தெரிந்துகொண்டேதான் கேட்டேன், யாருக்கு என்று.

"கப்டன் தொரைக்கு, டீச்சர். சொந்த வீடு கெடச்சா வைக்கணும்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க."

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம். வீடு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

கொன்வென்ட்டில் நாம் ஒன்றாகப் படித்த காலத்தில், ஒரு லீவுக்கு உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். மேல்மலையில் சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவே இருந்த வெள்ளைக்காரக் கப்டனின் கல்லறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். கல்லில் படிந்த பாசியைச் சுரண்டிச் சுரண்டி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாய். பதினேழு வயதில் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். லெப்டினன்ட் ஆனார். பர்மாச் சண்டையில் காலில் குண்டு பட்டது. அங்கேயே கப்டன் ஆனார். ஓய்வு பெற்று வந்து இந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கினார். ஒரு மனிதனின் உத்தியோகம் முழுவதும் படிப்படியாக அந்தக் கல்லில் ஏறியிருந்தது.

"காட்ட இவரா வெட்டுனாரு? நொண்டிக் காலோட?" என்று கல்லைப் பார்த்தே கேட்டாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காலில் குண்டு வாங்கியவர் என்பதால், மலை ஏறி ஏறிக் கால் வலி கண்டவர்கள் எல்லாரும் அவருக்குச் சுருட்டு வைத்தார்கள். வேறு குறை என்றால் மனு. அதுவும் இங்கிலீஷில்! தொரைக்குத் தமிழ் வராது என்று யாரோ முடிவு பண்ணியிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்தி. மாடு காணாமல் போனதற்கும், கொழும்புக்குப் போன மகன் தகவல் அனுப்பாததற்கும், மருமகள் கோபித்துக்கொண்டு போனதற்கும் 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி அழகாக எழுதிக் கொடுத்தாய். நான் கேலி பண்ணினால், "சும்மா இரு புள்ள, அவங்க மனசுக்கு ஒரு ஆறுதல்" என்பாய்.

பிறகு இருவரும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தோம். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் கடைக்கே வந்தது. கடைக்கு இலக்கம் இருந்தது. லயத்துக்கு ஏது இலக்கம்? உங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆப்பீசுக்குத்தான் போகும். உன் கடிதம் அங்கே ஒரு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. உன் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து மூன்று நாள். நம் வகுப்பில் இங்கிலீஷில் முதலாவது நீ. நான் டீச்சர் ஆனேன். நீ, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயா ஆனாய். கடைசிவரை அதுதான்.

அந்தக் கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாய். கையில் உன் சொந்த மனு. எட்டிப் பார்த்தேன், தமிழில் இருந்தது.

"தமிழ்லயா எழுதியிருக்கே?"

"அவருக்குத் தமிழ் தெரியும் புள்ள. ஆளுங்கள ஏசுறதுக்குத் தெரிஞ்ச தமிழ், கேக்குறதுக்குத் தெரியாதா?"

நிமிர்ந்து நின்று சத்தமாகப் படித்தாய். "தொரை, நீங்க பர்மாக் காட்டுக்குள்ள கெடந்தப்பகூட ஒங்களுக்குப் பதவி குடுத்த கடுதாசி ஒங்கள வந்து சேந்துருச்சு. எனக்கு ஆப்பீசிலிருந்து லயத்துக்கு வந்து சேரல. கூப்பிடு தூரம். நீங்க செத்தும் ஒங்க பேர்ல ஒரு எடம் இருக்கு. எனக்கு உசுரோட இருக்க ஒரு எடம் வேணும். என் பேருக்கு வர்ற கடுதாசி என் கதவுக்கே வரணும்." தாளை மடித்துக் கல்லுக்குக் கீழே செருகினாய். சுருட்டு வைக்கவில்லை. "மொதல்ல காரியம் நடக்கட்டும்" என்றாய்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பரீட்சைக்கு எட்டு நாள் முன்பே என் கடிதம் என் கையில் இருந்தது. ஒரு பஸ் ஏறி வந்து, "உனக்கு வந்ததா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ நன்றாக இங்கிலீஷ் பேசுவாய். நீ வராவிட்டால் எனக்கு லேசாக இருக்கும் என்று மனதின் ஒரு மூலை நினைத்தது. பாவி மனசு. அன்று ஹட்டனில், பரீட்சைக்குக் காத்திருந்த வராந்தாவில் உன்னைக் காணாதபோது எனக்கு வருத்தமாக இல்லை. அதன் பிறகு உன்னோடு சேர்ந்து ஆப்பீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே இத்தனை வருஷத்தையும் ஓட்டிவிட்டேன். என் கடிதம் எப்போது வந்தது என்று நீ ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது, இறக்கி வைக்க இடமில்லாமல்.

இன்று காலை வீட்டைப் பார்க்கப் போனேன். கப்டனின் கல்லறைக்குக் கொஞ்சம் கீழே, புதிதாக வெட்டிய மண் மேட்டில் இருக்கிறது. கதவில் நீலப் பெயின்டில் நாலு என்று எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து இருவரும் கல்லறைக்கு ஏறினோம்; உன் மகள் சுருட்டைக் கல்லின்மேல் வைத்தாள். உடனே தூறல் பிடித்துக்கொண்டது. "பத்த வச்சுக் குடுக்கணுமோ டீச்சர்?" என்று அவள் கேட்டதும் இருவரும் சிரித்துவிட்டோம்.

"வீட்டுக்குக் கடிதம் ஏதும் வந்ததா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் வரல டீச்சர். எங்களுக்கு யாரு போடப்போறா?"

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். உறையில் உன் பெயர், இலக்கம் நான்கு, மேல்மலை. நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். உன் மகள்தான் பிரிப்பாள். நான் செய்ததையும் படிப்பாள். படிக்கட்டும். தபால்காரர் வழக்கம்போல ஆப்பீசில் போட்டுவிட்டுப் போகப் பார்ப்பார் என்று, உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: கதவில் கொடுக்கவும்.