பிடுங்கி வைத்த ஃபேன் ஒயர்

போடிநாயக்கனூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தோழி அனுசியாவுக்கு,

ஜன்னத் எழுதிக்கொள்வது. இங்கே அத்தா, அம்மா, நான் எல்லாரும் அல்லாஹ் கிருபையால் நல்லா இருக்கோம். மலை மேல நீயும் ஈஸ்வர் அண்ணனும் அத்தையும் பாப்பாவும் சுகமா இருக்கணும்னு துஆ செய்றேன். உங்க எஸ்டேட்டுக்குப் போன் போட்டுப் போட்டு விரல்தான் தேயுது, டவர் கிடைக்கிற பாட்டைக் காணோம். காலேஜ்ல ஒரே பெஞ்சுல உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதிக்கிட்டு இருந்தோம், இப்பவும் அதே பொழப்புதான்.

கன்னையன் அண்ணன் ஓட்டுற எஸ்டேட் ஜீப்புல உன் கம்ப்யூட்டர் பெட்டி வந்து சேர்ந்துச்சு. நீ எழுதின கடிதமும் வந்துச்சு. அடிக்கடி தானா நின்னுபோகுது, அத்தைக்குச் சத்தம் ஆகமாட்டேங்குது, கிடைச்ச விலைக்கு வித்துரு ஜன்னத்துன்னு எழுதியிருக்க. அடியே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? இந்தப் பெட்டியை வாங்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நான் விக்கல. சரி பண்ணி இந்தக் கடிதத்தோடயே மேலே அனுப்புறேன். திட்டணும்னா திட்டிக்கோ, முழுசாப் படிச்சுட்டுத் திட்டு.

மூடியைக் கழட்டுனா, யாத்தே! ஏலக்காய்த் தூசியும் விறகுப் புகைக் கரியும் சேர்ந்து பிராசசர் ஃபேனுக்கு அடியில அடை மாதிரி ஒட்டியிருக்கு. ஒரு பக்கம் நான் பிரஷ் வச்சுச் சுரண்டுறேன், இன்னொரு பக்கம் ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டரை எடுக்க வந்த ஒருத்தர், ஏலக்காய் வாசம் பிடிச்சு, கடையில பாயசமா வைக்கிறீங்கன்னு கேட்கிறார். இவ்வளவு தூசி எப்படிப் போச்சுன்னு பார்த்தா, பின்னாடி இருக்கிற ஃபேனும் காத்தை வெளியே தள்ளுது, முன்னாடி புதுசா மாட்டின சின்ன ஃபேனும் வெளியேதான் தள்ளுது. உள்ளே வர்ற காத்துக்கு வழியே இல்ல. அப்போ அது இண்டு இடுக்கு, கேபிள் ஓட்டைன்னு கிடைச்ச சந்துல எல்லாம் நுழையுது, தூசியையும் கூட்டிக்கிட்டு வருது.

கன்னையன் அண்ணன்கிட்ட விசாரிச்சேன். ஈஸ்வர் அண்ணன்தான் போடியில ஃபேன் வாங்கிட்டுப் போய் தன் கையாலயே மாட்டினாராம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏலக்காய் ஸ்டோர்ல நெருப்புப் போட்டுக் காய் உலர்த்துறவர் இல்லையா அவர்? அங்கே முதல்ல ஆவியை வெளியே தள்ளாட்டி காயோட பச்சை நிறம் போயிரும். அதே ஞாபகத்துல இதுலயும் காத்தை வெளியேத்திட்டாரு. அங்கே சூடு வேணும், இங்கே குளிர்ச்சி வேணும், அவ்வளவுதான் வித்தியாசம். முன்னாடி உள்ளே இழுக்கணும், பின்னாடி வெளியே தள்ளணும். அண்ணனைக் குத்தம் சொல்லாதே. பொண்டாட்டி சாமான் சூடாகுதேன்னு ஸ்குரூ டிரைவரைத் தூக்குற மனுசன் கிடைக்கிறதே பெருசு.

இனி எந்த ஃபேனையாவது நீயே மாட்டுனா இதைப் பார்த்துக்கோ. ஃபேனோட ஒரு பக்கம் இறக்கை திறந்து தெரியும், இன்னொரு பக்கம் குறுக்குச் சட்டமும் ஸ்டிக்கரும் இருக்கும். காத்து திறந்த பக்கம் நுழைஞ்சு சட்டம் இருக்கிற பக்கம் வெளியேறும். சந்தேகமா இருந்தா ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைப் பக்கத்துல பிடி, இழுக்குதா தள்ளுதான்னு அதுவே சொல்லும்.

சத்தத்துக்கு வர்றேன். அண்ணன் வாங்கின சின்ன ஃபேனுக்குத் தடிச்ச பிளக். அது பவர் சப்ளையில நேரா சொருகுறது. கரண்ட் வந்தா முழு வேகம், இல்லாட்டி நின்னுரும், நடுவுல ஒண்ணும் கிடையாது. சின்ன இறக்கை வேற, அதே காத்தைத் தள்ள வேகமாச் சுத்தணும், அதான் கத்தும். பின்னாடி இருக்கிறது மூணு பின் ஃபேன். மதர்போர்டுல சொருகினா வோல்டேஜைக் கூட்டிக் குறைச்சு அதோட வேகத்தை அடக்கலாம். பிராசசர் ஃபேனுக்கு நாலு பின். அந்த நாலாவது ஒயர் வழியாத்தான் போர்டு மெதுவாப் போ, வெரசாப் போன்னு சொல்லும். உன் போர்டுல இருந்த செட்டிங் நாலு பின்னுக்கு உரியது. மூணு பின் ஃபேனுக்கு நாலாவது ஒயரே இல்லையே, யார் சொல்றதும் அதுக்குக் கேட்காது. அது பாட்டுக்கு முழு வேகத்துல ஓடியிருக்கு. உங்க எஸ்டேட் லயத்து வீட்டுல ஒரே அறையில ரெண்டு ஃபேனும் சேர்ந்து கத்துனா அத்தை மட்டுமா, நானே எந்திரிச்சு ஓடியிருப்பேன்.

நான் மூடியைக் கழட்டினப்பவே அந்த ரெண்டு ஃபேன் ஒயரும் பிடுங்கியிருந்துச்சு அனுசியா. பிடுங்கி, அழகாச் சுருட்டி, நீ தலைக்குப் போடுற ஊதா ரப்பர் பேண்டைப் போட்டு வச்சிருந்துச்சு. இதைப் பத்தி நீ ஒரு எழுத்துக்கூட எழுதல. பாப்பா தூங்கணும், அத்தை ஒரு சொல் சொல்லிறக் கூடாது, அதுக்காக ஃபேனை நிறுத்திட்டு, பெட்டி சூடாகி நிக்கிற வரைக்கும் பிரஸ் வேலையை அவசர அவசரமா டைப் அடிச்சிருக்க. நின்னதும் அடிச்சது போயிரும், திரும்ப முதல்ல இருந்து. எத்தனை தடவைடி இப்படி? அந்த ரப்பர் பேண்டைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டேன். அத்தா பார்த்துட்டு என்னம்மான்னு கேட்டாங்க, தூசின்னு சொல்லிட்டேன்.

இப்போ கேளு. சின்ன ஃபேனைக் கழட்டிட்டு முன்னாடி பெரிய நாலு பின் ஃபேன் போட்டிருக்கேன், உள்ளே இழுக்கிற மாதிரி. தூசி தடுக்க வலையும் உண்டு, வாரம் ஒருக்கா எடுத்துத் தட்டு. பின்னாடி ஃபேனுக்கு வோல்டேஜ் செட்டிங் மாத்தியாச்சு. மூணும் சூடு ஏறினா வேகம் எடுக்கும், இல்லாட்டி மெல்ல ஓடும். கடையில ரெண்டு நாள் விடாம ஓட்டிப் பார்த்தேன், நிக்கல. ஓடுதான்னு பார்க்கக் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கு. அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதே, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வை.

பிரஸ்சுக்காரர் சூர்யபிரகாஷ் சாரையும் பார்த்தேன். நீ டைப் அடிச்சுக்கிட்டு இருந்த அந்தப் பள்ளிக்கூட ஆண்டு மலரை வேற ஆளுக்குக் கொடுத்துறலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தார். அனுசியா முடிச்சுத் தருவான்னு உன்னைக் கேட்காமலே சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்கிறேன்னார். பென் டிரைவைக் கன்னையன் அண்ணன் கையில கொடுத்தா நான் கொண்டுபோய்ச் சேர்த்துருவேன்.

கடைசியா ஒண்ணு. பெட்டியைப் போட்டு, அத்தையைப் பக்கத்துல உட்கார வச்சு, சத்தம் கேட்குதான்னு கேளு. ஒயரைப் பிடுங்காதே, வாயைத் திறந்து கேளு. அதுக்கப்புறமும் விக்கத்தான் வேணும்னா திருப்பி அனுப்பு, மறுபேச்சு இல்லாம வித்துத் தர்றேன். ஆனா, அத்தைக்கு ஆகல, பாப்பாவுக்கு ஆகல, அவருக்குச் சிரமம்னு எழுதாதே. கல்யாணமாகி மேலே போனதுல இருந்து நீ எழுதுன எதுலயும் 'எனக்கு வேணும்'னு ஒரு வார்த்தையை நான் பார்க்கல. விக்கிறதோ வச்சுக்கிறதோ, எனக்கு இதுதான் வேணும்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புடி. அல்லாஹ் உனக்கு எல்லாத்தையும் லேசாக்கித் தரட்டும்.

உன் பதிலுக்காக ஜீப்பு நிக்கிற இடத்துலயே காத்துக்கிட்டு இருக்கும்,
ஜன்னத்