பாதைக்குக் குறுக்கே முள்கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு, எனோரா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

செவ்வாயன்று சுற்றுலாப் பயணிகள் ஆறு பேரைச் சைக்கிளில் மிடி கால்வாய்க் கரையோரமாக அழைத்துப்போய், திராட்சைக் குன்றுப் பக்கம் திருப்பினேன். அங்கே சரளைப் பாதைக்குக் குறுக்கே ரூவானே என்கிற திராட்சைத் தோட்டக்காரர் முளை அடித்து முள்கம்பி கட்டியிருந்தார். முன்னால் போன நான் விழுந்தேன். கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"மணி அடிச்சிருந்தா அவுத்துவிட்டிருப்பேனே," என்றார் அவர்.

"கம்பிக்குக் காது இருக்கா? இது ஊர்ப் பாதை. பின்னால வந்தவருக்கு எழுபது வயசு."

"கடலோரத்துல இருந்து வந்த பொண்ணு எனக்குப் பாதை சொல்றியா?"

சைக்கிள் பையிலிருந்து குறடை எடுத்தேன். அவர் கண்ணெதிரே கம்பியை வெட்டிச் சுருட்டி, மேயரின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் மேயரே வந்து, ரூவானேயின் கையாலேயே முளைகளைப் பிடுங்கவைத்தார். அவர் இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொஞ்சம் உப்பு வெண்ணெய் அனுப்புங்கள். இங்கே எல்லாம் ஆலிவ் எண்ணெய்தான். தபாலில் உருகிவிடும் என்றால் நீங்களே கொண்டுவாருங்கள். அறையில் இன்னொரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது. இன்றைய பயணிகள் கூப்பிடுகிறார்கள், கிளம்புகிறேன்.

உங்கள்
எனோரா