கோம்பை அடுக்கிய பாத்தி

அக்கா, இன்று காலை வாளியோடு பின்வளவுக்குப் போனபோது முதலில் கண்டது, பாத்தியின் மண் செங்கல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்ததை. தண்ணீர் ஊற்றினேன். நிற்கவில்லை. வெடிப்புகளால் இறங்கி, கல்லிடுக்கு வழியாக வெளியே ஒடுங்கிய ஒழுங்கைக்கு ஓடிப்போனது.

நாங்கள் பாத்தி கட்டிய முதல் மாசியிலும் இப்படித்தான் ஓடியது. இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டின் பின்வளவில் மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. கிண்டினால் ஓட்டுத்துண்டும் சுண்ணாம்பும்தான். அதனால் மேலே கட்டுவோம் என்றாய். பக்கத்து வீட்டை இடித்தபோது கிடைத்த செங்கற்களை அடுக்கி முழங்கால் உயரத்துக்கு எழுப்பினோம். உயரம் கூடினால் செடி நன்றாக வரும் என்று இருவரும் நினைத்தோம். வெயிலில் அது நாலு பக்கத்தாலும் காய்ந்தது. குழாயில் விடியற்காலையில் மட்டும் நூலாக வந்த தண்ணீர் முழுவதையும் ஊற்றினாலும், மத்தியானம் கத்தரிக் கன்றுகள் தலை தொங்கின.

நீ எல்லாவற்றையும் பிடுங்கி, மண்ணை வெளியே அள்ளினாய். சந்தியில் செவ்விளநீர் விற்பவரிடம், குடித்தபின் பிளந்து போட்ட வெறுங்கோம்பைகள் கேட்டு வாங்கிவந்தோம். குழிந்த பக்கம் மேலே இருக்க அடியில் அடுக்கி, அதற்குமேல் தேயிலைச் சக்கையும் காய்ந்த இலையும் மண்ணும் போட்டோம். விளிம்பிலும் கல்லைக் குறைத்தோம். அதற்குப் பிறகு ஒரு நாள் ஊற்றிய தண்ணீர் அடுத்த நாளும் மண்ணில் ஈரமாக இருந்தது.

கோம்பை கேட்டது நீதான். நான் உன் முதுகுக்குப் பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அவரை அண்ணா என்பதுபோல அய்யே என்று கூப்பிட்டு, சிங்களத்தில் சிரித்துக் கதைத்தாய். இவளுக்கு வாயே இல்லையா என்று அவர் கேட்டாராம். வரும் வழியில் சொன்னாய்:

"நான் கேட்டா அரைச் சாக்குத் தாறார். நீ கேட்டா முழுச் சாக்கும் தருவார், பாவம் ஊமை எண்டு."

நீ படுக்கையில் விழுந்தபின் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா வேலைக்குப் போகவேண்டும். உன்னோடு ஒருவர் இருக்கவேண்டும். யன்னலால் பாத்தி தெரியும்படி கட்டிலைத் திருப்பச் சொன்னாய். கோம்பை உக்கிப்போகும், மண் இறங்கும், திரும்ப அடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் மறக்கவில்லை. சந்திக்குத்தான் போகவில்லை. போனால் அக்கா எங்கே என்று அவர் கேட்பார். நீ இல்லை என்று நான் இன்னும் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் சொல்லாமலே தெரியும்.

நேற்று அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டுப் பாத்தியை உடைத்துச் சீமெந்து பூசப்போவதாகச் சொன்னார். உடுப்புக் காயப்போட இடமாகுமாம். வேண்டாம் என்றேன்.

"அப்ப நீ பாப்பியே? தண்ணியும் நிக்குதில்லை, ஒண்டும் முளைக்குதில்லை. உதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது பிள்ளை."

எனக்கும் ஏலாமல்தான் இருந்தது. ஆனாலும் பார்க்கிறேன் என்று தலையாட்டினேன்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாக்கோடு சந்திக்குப் போனேன். வாங்க வந்தவர்கள் போகும்வரை தள்ளி நின்றேன். வெயில் ஏறிவிட்டது. கோம்பை வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டேன்; சரியாக வந்ததோ தெரியாது. அவர் குவியலைக் காட்டினார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா கோ, நங்கி?"

அக்கா எங்கே தங்கச்சி என்றுதான் கேட்டார். நீ இல்லை என்று வாயால் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். நான் குனிந்து கோம்பைகளைச் சாக்கில் போடத் தொடங்கினேன்.