ஜன்னலை மறைத்த இரும்புக் கை

சுப்பீரியர் ஏரிக்கரை
செப்டம்பர் கடைசி

அன்பு மருமகள் சைமாவுக்கு, உன்னை வளர்த்து ஆளாக்கிய மாமா ஏய்னோ எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் சுகம், என் ரத்தக்கொதிப்பு மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்துகிறது. நீயும் உன் கப்பலும் நலமாக மிதக்க ஏரி மனம் வைக்கட்டும். போன முறை துறைமுகத்துக்குள் வந்தபோது உன் கப்பல் சங்குக்குப் பதில் சொல்லி நம் சமையலறை ஜன்னலில் விளக்கு மின்னவில்லை, அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை, இனி சங்கு ஊதச் சொல்லிக் கேப்டனைக் கெஞ்ச மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அடி அசடே, விளக்கு மின்னியது. "கப்பல் வேலைக்குப் போனா இந்த வீட்டு விளக்கு உனக்கு மின்னாது" என்று சபதம் போட்ட உன் அம்மா, அதே லெம்பி அக்காதான், நான் தூங்கிவிட்டதாக நினைத்து, சுவிட்சு தேயத் தேயப் போட்டுப் போட்டு அணைத்தாள். நடுவில் நின்றது, நீ வாய் பிளந்து பார்த்ததாக எழுதினாயே, அந்த இரும்புக் கை.

வசந்தத்தில் அந்தச் சிலையைக் கரையோரம் நட்டார்கள். அதன் சுண்டுவிரல் நகத்தில் நீராவிக் குளியலறை கட்டி ஊரையே வியர்க்க வைக்கலாம். மேகங்கள் முட்டி மூக்குடைந்து போகின்றன. நிழல் விழுந்து அக்கரைக் கோழிகள் மத்தியானமே கூடு அடைகின்றனவாம். பெயர் 'வருக'. வரவேற்கிறவளின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு வரவேற்பு. சிலைக் குழுத் தலைவரிடம் போய்க் கத்தினேன். "கலைன்னா மனசை உறுத்தணும், உங்களுக்கு உறுத்துதா?" என்றார். உறுத்துகிறது என்றேன். "அப்ப சிலை வேலை செய்யுது" என்று கை குலுக்கி அனுப்பிவிட்டார். அந்தக் கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நான் எங்கே விளக்கு போட்டேன் என்று ஒரேயடியாகச் சாதித்தாள். அன்றைக்கு ஏலக்காய் ரொட்டி அடுப்பிலிருந்து கரியாக வந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே, "ஏய்னோ, அந்தக் கைக்கு விரல் இடுக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று கேட்டாள்.

ஆகவே அடுத்த முறை ஜன்னலைத் தேடாதே. கட்டைவிரல் இடுக்கைப் பார். உன் அப்பாவின் மீன்பிடி லாந்தரோடு ஏணி உச்சியில் உன் அம்மா நிற்பாள். காவலர் யாராவது கேட்டால், சிலை வேலை செய்கிறது என்பேன்.

கம்பளிக் காலுறை போடு, ஈரத் தளத்தில் ஓடாதே, நூறு புயல் கண்டு நரைத்த தலையோடு கரை சேர். சங்கை மட்டும் மறந்துவிடாதே, வழக்கம்போல மூன்று நெடில், இரண்டு குறில். அதைக் கேட்காமல் அவள் இறங்க மாட்டாள்.

ஏணியைப் பிடித்திருக்கப்போகும்,
மாமா ஏய்னோ