அக்கா, உன்னிடம் யாரும் கேட்கவில்லை

அக்கா,

டொக்டரைச் சனல் பண்ணி நம்பர் எடுத்துவிட்டு வெள்ளவத்தை ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, வசந்தி கைக்குட்டையில் ஓடிக்கொலோன் விட்டு முகர்ந்தாள். நீ பார்த்து எனக்குக் கட்டிவைத்த வசந்திதான். அவளுக்கும் மார்பில் கட்டி. புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டது. அந்த வாசனை பட்டதும் நான் எழுந்து ஜன்னலடிக்குப் போனேன். உன் கட்டிலைச் சுற்றி இருந்த வாசனை அது.

உனக்கு மார்பில் கட்டி கண்ட அன்று, உன்னை டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் இருத்திவிட்டு, பெரியண்ணாவும் அத்தானும் உள்ளே போய்ப் பேசி முடித்தார்கள். நம் குடும்பத்தில் அதுதானே வழக்கம்? நோய் பெண்ணுக்கு, டொக்டரோடு கதைப்பது ஆண்கள். "சின்ன ஒப்பரேஷன்தான்" என்று உனக்குச் சொன்னார்களாம். மயக்கம் தெளிந்து மார்புக் கட்டைத் தடவிப் பார்த்தபோதுதான், முழு மார்பையும் எடுத்தது உனக்குத் தெரிந்தது. நான் கண்டியிலிருந்து ஓடி வந்தபோது நீ அழவில்லை. "எடுக்கிறதெண்டா எடுக்கட்டும் தம்பி. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றாய்.

சில வருடங்களில் நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது. "முழுக்க எடுத்தபடியாத்தான் அவ்வளவு காலமாவது இருந்தவள்" என்று அண்ணா இன்னும் நாலு பேர் முன்னால் சொல்கிறார். அவர் வீட்டில் நான் தேநீர் குடிப்பதில்லை.

இந்த டொக்டர் இளம் பெண். வசந்தியின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, தாளில் படம் கீறிக் காட்டினார். "கட்டியை மட்டும் எடுத்துப்போட்டுக் கதிர்ச் சிகிச்சை குடுக்கலாம். இல்லாட்டி முழு மார்பையும் எடுக்கலாம். உங்கட கட்டிக்கு ரெண்டும் பொருந்தும், உயிருக்கும் ரெண்டும் ஒரே பாதுகாப்புத்தான். நீங்க என்ன நினைக்கிறீங்க அம்மா?"

"முழுக்க எடுத்துவிடுங்கோ, டொக்டர்" என்றேன் நான். என் வாயில் அண்ணாவின் குரல்.

வசந்தி திரும்பிப் பார்த்தாள். "ஒப்பரேஷன் உங்களுக்கோ?"

டொக்டர் குனிந்து சிரிப்பை மறைத்தார். வசந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள்: கை தூக்க முடியுமா, கதிருக்குப் பஸ்ஸில் போய்வரலாமா, நோய் திரும்ப வந்தால் என்ன செய்வது? கடைசியில், யோசித்துச் சொல்ல ஒரு கிழமை கேட்டாள். அந்தக் கிழமை முழுதும் எனக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் ஏதாவது மிஞ்சிவிடுமோ என்ற ஒரே நினைவு. வாயைத் திறந்தால் அண்ணாவாகிவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன்.

கிழமை முடிந்த அன்று கீரை ஆய்ந்தபடி சொன்னாள்: "கட்டியை மட்டும் எடுப்பம். கதிருக்குப் போய்வாறது கரைச்சல்தான், பரவாயில்லை. உங்களுக்குப் பயமெண்டா, பயந்துகொண்டு கூட வாங்கோ."

நாளைக்கு ஒப்பரேஷன். பயந்துகொண்டுதான் போகிறேன். அண்ணாவும் அன்று இப்படிப் பயந்திருக்கலாம். அதற்காக அவரை மன்னிக்க மாட்டேன். அந்தப் பயத்தோடு உன் பக்கத்தில் வந்து இருந்திருக்கலாமே?

நாளை ஒப்பரேஷன் அறைக் கதவை மூடியதும் வெளியே வாங்கில் நான் இருப்பேன். உள்ளே என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். அதுவும் தெரியாமல் அன்று நீ அந்த வாங்கில் எப்படி இருந்தாய், அக்கா?