அறைக்குப் போகும் தட்டு

அன்பு மகளுக்கு,

கப்பல் உணவகத்தில் அம்மாவும் நானும் அமர்ந்திருக்கும் புகைப்படத்தை நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். ஏறிய நாளிலிருந்து வேளாவேளைக்கு அவளுடைய தட்டை மூடி எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க இரண்டு தளம் படியேறி, அறைக்கு நானே கொண்டு செல்கிறேன். விதிகளை இருமுறை படித்தேன், தடை ஏதுமில்லை.

இன்று பரிமாறுபவர் கேட்டார்: "என்ன சார், அம்மாவைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்க?"

அலை ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டிருக்கிறது என்றேன். அவர் இரக்கப்பட்டு, பொரித்த மீனை எடுத்துவிட்டுக் கஞ்சியை வைத்தார். சொன்ன வாக்குமூலத்தை மாற்ற இயலாமல் வாங்கி வந்தேன்.

மூடியைத் திறந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நடுங்குறது கைதானே? வயிறு என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியல, முப்பது வருஷமா என்ன வக்கீலோ!"

இருவரும் சிரித்தோம். சிரித்து நெடுநாளாயிற்று. பிறகு, "நாளைக்கு நானே கீழ வரேன். கரண்டியை நீங்க பிடிங்க" என்றாள்.

ஆகவே, நாளை புகைப்படம் வரும். கையைப் பற்றி உன்னிடம் நான் சொல்லக் கூடாதென்பது அவள் உத்தரவு. நான் சொல்லவில்லை; அவள் பேசியதை எழுதினேன், அவ்வளவே. படத்தைப் பார்த்ததும், மீன் எப்படி இருந்தது என்று மட்டும் கேள்.

களைப்புடன்,
அப்பா