பின்பக்கம் உட்கார்ந்த வண்டியும் மணிமொழியின் சம்பந்தமும்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
20.9.2006

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் உன் அப்பாவும் தங்கச்சி மணிமொழியும் சுகம், நீயும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே வண்டி ஒன்றுதான் சுகமில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் பழைய பெரிய ஜீப் மாதிரி ஒன்றை உன் அப்பா வாங்கினாரே, அதற்குப் பின்பக்கம் இரும்பு ஸ்பிரிங் கிடையாது, காற்றடைத்த இரண்டு ரப்பர் பைகளின் மேல்தான் நிற்கிறது. இராத்திரி நிறுத்தினால் காலையில் நாய் குந்தியதுபோல் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், ஸ்டார்ட் செய்தால் முனகி முனகி எழும். பெரியவர்கள் ஏறுவதற்காக அதுவே குனிகிறது, வெளிநாட்டு மூளை என்று உன் அப்பா தெருவில் அளந்துவிட்டார். என்னிடம் மட்டும், நீ பின்சீட்டுல உக்காந்து உக்காந்துதான் இப்படி ஆச்சு என்றார். நானும் நம்பி ஒரு மாதம் இராத்திரி தோசையை விட்டேன், வண்டி உட்காருவதும் நிற்கவில்லை, நானும் இளைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து மணிமொழியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் கோபி, ஸ்கூல் வாத்தியார், நல்ல மாதிரி. மூன்று இடம் தட்டிப்போன பிறகு வந்த இடம், அவளுக்கும் பிடித்துவிட்டது என்பது கேட்காமலேயே இரண்டாம் தடவை காப்பி கொண்டுவந்ததில் தெரிந்தது. ஆனால் அந்த வீட்டில் பையனின் அம்மா பாஞ்சாலை வைத்ததுதான் சட்டம், அவர் என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். கோயிலுக்குப் போய்ச் சாமியைக் கேட்டுவிட்டு வந்து முடிவு சொல்கிறோம் என்று கிளம்பினார்கள், உன் அப்பா பெருமையாக நம் வண்டியில் ஏற்றினார். அந்த அம்மா பின்சீட்டில் உட்கார்ந்ததுதான் தாமதம், புஸ்ஸென்று ஒரு சத்தம், பின்பக்கம் பொத்தென்று இறங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜோதியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். உன் அப்பா சும்மா இருந்திருக்கலாம், பயப்படாதீங்கம்மா, வெயிட்டு ஜாஸ்தியானா அது அப்படித்தான் உக்காரும் என்றார். அந்த அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. பஸ்லயே போலாம் வாடா கோபி என்று இறங்கிவிட்டார். இதுவும் போச்சு என்றே நினைத்தேன். அப்போது வந்தாள் உன் தங்கச்சி, பட்டுப்புடவையோடு, கையில் ஒரு சொம்பு சோப்புத் தண்ணீர். பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பெண் தெருவில் மண்டிபோட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவதை எந்த ஊரில் பார்த்திருக்கிறாய். ரப்பர் பைமேல் ஊற்றியதும் மடிப்பிலிருந்து குபுகுபுவென்று நுரை கிளம்பியது. அத்தை, இங்க வந்து பாருங்க, ரப்பர் வெடிச்சுக் கெடக்குது, நீங்க எறங்கியும் வண்டி எழுந்துக்கல பாருங்க, எங்கப்பாவுக்குத்தான் வாய் ஜாஸ்தி என்றாள். அந்த அம்மா குனிந்து நுரையைப் பார்த்தார், நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்து, வண்டியிலதாம்மா ஓட்டை என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். பிறகு மணிமொழியின் புடவையில் ஒட்டிய மண்ணைத் தன் கையாலேயே தட்டிவிட்டு, அத்தைனு கூப்பிட்டுட்ட, இனிமே கோயிலுக்குப் போயி நான் என்னத்தக் கேக்கறது என்றார். அன்றைக்கே பூ வைத்துவிட்டுத்தான் போனார்.

தை மாதம் கல்யாணம், இப்போதே லீவு சொல்லி வை. மாப்பிள்ளை அழைப்புக்கு அதே வண்டிதான் வரவேண்டும், பின்சீட்டு எனக்கு என்று சம்மந்தியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ரப்பர் பை இங்கே கிடைக்காதாம், அதனால் நீ வரும்போது செண்ட்டும் சாக்லேட்டும் வேண்டாம், பை வாங்கி வா. ஒன்று போதும் என்று உன் அப்பா போனில் சொல்வார், கேட்காதே, இரண்டாக வாங்கு, அந்த சீட்டில் சம்மந்தியம்மா பக்கத்தில் நானும் உட்காரப்போகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா வேதா